பெட்ரோல் குடியை மறந்த லாரி

பட்டாளத்தில் ஏலம் விட்ட லாரியை நந்தகோபால் முதலாளி எடுத்ததற்கு ஒரே காரணம், அதன் நாலு சக்கரமும் இழுக்கும் என்பதுதான். ஆலங்காயம் காட்டில் ஏற்றுகிற ஆவாரம்பட்டை, பாலாற்றைக் கடந்து அக்கரையில் தோல் பதனிடும் ஷெட்டுக்குப் போக வேண்டும். பாலாற்றில் தண்ணீர் எப்போதாவது வரும். மணல் மட்டும் வருஷம் முழுக்க இருக்கும்.

லாரியோடு கோதண்டபாணியும் வந்து சேர்ந்தான். யுத்தத்தில் இதே மாதிரி வண்டியை ஓட்டியவன். யுத்தம் முடிந்த பிறகு வேலை கிடைக்காமல் அலைந்தவன்.

“இன்னாடா கோதண்டம், இது வண்டியா, கள்ளுக்கடை மைனரா? இந்தக் குடி குடிக்குது! பொங்கலுக்குள்ள கம்மி பண்ணு. இல்லன்னா நீ வேற எடம் பாத்துக்கோ” என்றார் முதலாளி.

வீட்டில் சம்பூர்ணத்துக்கு ஏழாவது மாதம். கோதண்டபாணி ஆம்பூர் மெக்கானிக் அப்துல் சமதிடம் ஓடினான்.

“முன் சக்கரத்துக்குப் போற ஷாப்டைக் கழட்டிடலாம். பின்னால ரெண்டு இழுத்தா போதும். குடி தானா கொறையும்” என்றார் சமது. “ஆனா மணல்ல மட்டும் எறங்காத.”

“ஆத்தைத் தாண்டாம ஷெட்டுக்கு எப்படி பாய் போறது?”

“அது உன் மொதலாளி பேஜாரு.”

கழற்றினார்கள். இறக்கங்களில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டினான். பெட்ரோல் பாதியாகக் குறைந்தது. முதலாளி போகிற வருகிறவர்களிடமெல்லாம் தன் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டார்.

ஆற்றில் லாரி அச்சு வரை புதைந்தது.

கரையில் மாட்டுவண்டியில் வெள்ளரிக்காய் மூட்டை ஏற்றிப் போய்க்கொண்டிருந்த பரந்தாமன் என்பவன் தன் வண்டியை அவிழ்த்து, மாடுகளை லாரிக்குப் பூட்டினான். “மொதலாளிக்குச் சொல்லாதப்பா” என்று கெஞ்சி, கோதண்டபாணி தன் சாப்பாட்டுத் தூக்கை அவனிடம் கொடுத்தான். அதிலிருந்து லாரி வரும் நாளெல்லாம் மாடுகள் கரையில் காத்து நின்றன. கோதண்டபாணி பட்டினி கிடந்தான்.

பொங்கலுக்கு முன்னால் முதலாளியே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஆற்றங்கரையில் மாடுகளைப் பூட்டினார்கள். கோதண்டபாணி எஞ்சினை அணைத்தான்.

“இப்ப எஞ்சின் ஓடுதா?” என்று கேட்டார் முதலாளி.

“இல்லீங்க.”

“பெட்ரோல்?”

“ஒரு சொட்டுகூட இல்லீங்க.”

 அக்கரை சேர்ந்ததும் முதலாளி அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். “சபாஷ்டா! இத இத்தினி நாளா ஏன் மறைச்சு வச்ச?”

எஞ்சின் கழன்று முதலாளியின் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கப் போனது. காட்டிலிருந்தே இழுக்க இன்னும் இரண்டு ஜோடி மாடுகள் வந்தன. எஞ்சின் இல்லாத வண்டிக்கு டிரைவர் எதற்கு என்று முதலாளி கேட்டார். 

கணக்குத் தீர்த்துக்கொண்டு நடந்த கோதண்டபாணியை, ஆற்றுச் சரிவின் தலைப்பில் ஒரு குரல் நிறுத்தியது. முதலாளி மாட்டோடு கூலிக்கு அமர்த்திய பரந்தாமன், லாரியின் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, போய்டாதீங்க! எறக்கத்துல வண்டி மாட்டு மேல ஏறிடும்போல இருக்கு. பிரேக்கு எதுண்ணே?”

கோதண்டபாணி மாடுகளைப் பார்த்தான். படியில் ஏறி, பரந்தாமனின் வெறுங்காலைப் பிடித்து மிதியின் மேல் வைத்தான்.

“மெதுவா அமுக்கு. விட்டு விட்டு அமுக்கு.”

லாரி அடக்கமாக இறங்கியது. பின்னால் வந்த முதலாளி பரந்தாமனைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

“பாத்தியாடா கோதண்டம்? ஒரே நாள்ல கத்துக்கிட்டான்!”