கன்னிச்சாமிக்கு ஒரு வட்டம்

ஆறுச்சாமி வீட்டில் ஒழுங்காக உட்காரத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று, தாராபுரத்திலிருந்து மருமகளாக வந்த மோகனப்பிரியா. இன்னொன்று, சாமி ரூமில் இருக்கும் கன்னிச்சாமி. மாமியார் தெய்வாத்தாளையும் சேர்க்கலாம்தான், ஆனால் அவர் உட்காருவது எதிர்வீட்டு வாசலைப் பார்ப்பதற்கு.

மற்றவர்களுக்குக் காலில் சக்கரம். ஆறுச்சாமி தென்னைக்கு மட்டை வெட்டப் போவார், பாதியில் மோட்டாரைப் பார்க்கப் போவார், மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். அறுபத்தைந்து வயதில் என்ன சுறுசுறுப்பு என்று கிணத்துக்கடவு ஊரே மெச்சும். மகன் கதிர்வேல் கல்யாணமான பத்து வருஷத்தில் ஐந்து தொழில் தொடங்கினான், ஐந்தும் பாதியில் நிற்கின்றன. அதற்கு வியாபார மூளை என்று பேர். பேத்தி நந்திதா, ஏழு வயசு, இரண்டாம் வகுப்பில் பெஞ்சு விட்டுப் பெஞ்சு தாவினால் மட்டும் அதற்குப் பேர் பேய்.

கன்னிச்சாமி விஷயம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளை அந்த வீட்டுக்குச் சாமியாகிவிடும். ஆடிக்கு ஆடி புதுப் பாவாடையும் கண்ணாடி வளையலும் பெட்டியில் வைத்துக் கும்பிடுவார்கள். இந்த வீட்டுச் சாமி, என்றோ காய்ச்சலில் போன பிள்ளையாம். அதற்கு ஜன்னல் இல்லாத ஓர் அறை. அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். பொங்கலுக்குப் பொங்கல் அந்த அறைக்கு ஆறுச்சாமியே சுண்ணாம்பு அடிப்பார், வேறு ஆளை விடமாட்டார். அவர் முழுசாக முடிக்கும் ஒரே வேலை அதுதான்.

1997 ஆடி மாசம், பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் கடிதம் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குடும்பமே காரேறி கோயம்புத்தூர் போனது.

டாக்டர் பிரான்சிஸ் ஒரு தாளை எடுத்து ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று வம்சத்தை வரைய ஆரம்பித்தார்.

"இது வளர்ப்புல வர்றதில்லீங்க. பேயும் இல்ல. உயரம், மூக்கு மாதிரி பெரும்பாலும் வம்சத்துல வர்றது. இதே மாதிரி யாராவது இருந்தாங்களா?"

"அப்பிடின்னா தாராபுரத்து வழிதானுங்க," என்றார் தெய்வாத்தாள். "எங்கூட்டுல அப்பிடி ஆருமே இல்லீங்க."

அவர் சொல்லும்போதே ஆறுச்சாமி மூன்றாம் முறையாக எழுந்து, ஃபேன் ஏன் கடகடக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதிர்வேலின் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் டாக்டரின் பேனா உருண்டு கீழே விழுந்தது. டாக்டர் பேனாவை எடுத்தார், அந்த இருவரின் கட்டங்களுக்கும் கறுப்பு அடித்தார்.

"ஐயா, உங்க கூடப் பொறந்தவங்க?"

"நானொருத்தந்தானுங்க," என்றார் ஆறுச்சாமி, ஃபேனைப் பார்த்தபடியே.

மோகனப்பிரியாவுக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சாமியைப் போய் யார் வம்சத்தில் சேர்ப்பார்கள்?

கடிதத்தோடு அந்த வம்சத் தாளையும் டாக்டர் கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் தெய்வாத்தாள் வேறு வைத்தியம் சொன்னார்.

"இஸ்கோலு வேண்டாங் கண்ணு. ஒரு மண்டலம் கன்னிச்சாமி முன்னால ஒக்கார வெச்சா அடங்கிப்போகும்."

"அடங்காட்டி என்னங்கத்தை பண்ணுவீங்க?"

"இன்னொரு மண்டலம்."

மோகனப்பிரியா புருஷனைப் பார்த்தாள். "ஒரு வாரம் பாக்கலாம் புள்ள," என்றான் கதிர்வேல். ஐந்து தொழிலுக்கும் இதே குரலில்தான் சரி சொன்னான்.

அந்த அறைக்குள் பிள்ளை ஒரு தரம் போனால் பிறகு வெளியே வருவது அவர்கள் மனசு வைத்தால்தான் என்று மோகனப்பிரியாவுக்குப் பட்டது. பள்ளிக்கூடம் சேர்த்துக்கொண்டால் பகலுக்குப் பயமில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நந்திதாவைச் சோறு தின்ன உட்காரவைத்துவிட்டு, தின்று முடிப்பதற்குள் வந்துவிடலாம் என்று கடிதத்தோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். மத்தியானம் வரை காத்துக்கிடந்தது வீண் போகவில்லை. முதல் பெஞ்சு, துண்டு துண்டாகப் பாடம், போர்டு அழிக்கும் வேலை நந்திதாவுக்கே என்று டீச்சர் ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை வரலாம்.

வீடு திரும்பும்போது மணி ஒன்றரை. வாசலிலேயே நின்றுவிட்டாள். நந்திதா பிறந்த நாளிலிருந்து அந்த வீடு அப்படி அமைதியாக இருந்ததில்லை.

பிறகு கேட்டது. சர்ர்ர் என்று சுவரில் உள்ளங்கை தேயும் சத்தம். ஒரு சின்ன நிறுத்தம். மறுபடியும் சர்ர்ர்.

சாமி ரூம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

திறந்ததும் இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி முகத்தில் ஆவி அடித்தது. நந்திதா சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்தாள். இடது கை சுவரில். முகம் சிவந்து, தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்தும் நிற்கவில்லை. அவள் கை போன வழியெல்லாம் சுண்ணாம்பு பொரிந்து தரையில் கொட்டிக் கிடந்தது.

சுண்ணாம்புக்குக் கீழே ஒரு பள்ளம் இருந்தது. பிள்ளையின் கை அகலத்துக்கு, மூன்று சுவரிலும், எண்ணெய் போட்டுத் தேய்த்த மாதிரி வழவழவென்று. ஒரு நாளில் உண்டான பள்ளமில்லை அது. நந்திதாவின் கை அதில் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. மூலைக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் அவள் கையைத் தூக்கினாள், ஒரு சாண் தள்ளி வைத்தாள். பள்ளமும் அதே இடத்தில் நின்று, ஒரு சாண் தள்ளித் தொடங்கியது.

மோகனப்பிரியா பிள்ளையை வாரி எடுத்து வெளியே கொண்டுவந்து தண்ணீர் கொடுத்தாள்.

"ஏங்கண்ணு, அங்க மட்டும் கைய எடுத்தே?"

"அங்க ஆணி குத்தும்மா."

போய்த் தடவிப் பார்த்தாள். ஆணியுமில்லை, ஆணி இருந்த ஓட்டையுமில்லை.

"ஆரு உன்ன உள்ள உட்டது?"

"ஆத்தா. எதுத்தூட்டு ரங்கம்மா ஊட்டு விசேஷத்துக்குப் போயிருச்சு. அரை மணி நேரத்துல அப்பாரு தொறக்கறேன்னு சொன்னாரு."

ஆத்தா என்றால் பாட்டி, அப்பாரு என்றால் தாத்தா. தெய்வாத்தாள் கிளம்பியது பத்து மணிக்கு. மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

கையில் சைக்கிள் செயினோடு ஆறுச்சாமி சீட்டியடித்தபடி உள்ளே வந்தார். "என்னம்மணி, டீச்சர் என்ன சொல்லி..." திறந்த கதவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். செயின் கீழே விழுந்தது.

"அங்க ஆணி இருந்துச்சு," என்றார் கேட்காமலே. "நாந்தான் பிடுங்கி, பூசி உட்டேன். அக்கா போனதுக்கப்புறம்."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி உட்கார்ந்து மோகனப்பிரியா பார்த்ததில்லை.

"அக்கா ஒரு எடத்துல நிக்காது. ஓடிக்கிட்டே இருக்கும். எங்கம்மா பகல்ல இதுக்குள்ள போட்டுத்தான் மத்த வேலையப் பாக்கும். ஒரு சித்திரையில எல்லாரும் உடுமலைப்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போனாங்க. மத்தியானம் தொறந்து உடுன்னு எங்கிட்டச் சொல்லிப்போட்டுப் போனாங்க. எனக்கு ஏழு வயசு."

"அப்புறங்க மாமா?"

"வாய்க்கால்ல தண்ணி வந்துச்சுன்னாங்க. பாக்கப் போனேன்." அவர் குரல் பிள்ளைக் குரலாகியிருந்தது. "மறந்துபோட்டேன் அம்மணி. அங்கயே மாமன் ஊட்டுல தூங்கிப்போட்டேன். காலைலதான் ஞாபகம் வந்துச்சு. காய்ச்சல்னு ஊருக்குச் சொன்னாங்க. சாமின்னு கும்பிட்டாங்க. சாமியப் பத்தி ஆரும் விசாரிக்க மாட்டாங்கல்ல."

"இன்னைக்கு?"

அவர் செயினைப் பார்த்தார். "அறுந்துபோச்சு. சரி பண்ணிட்டு வந்தரலாம்னு..."

அதற்குள் தாம்பூலப் பையோடு தெய்வாத்தாள் வந்துவிட்டார். திறந்த கதவைக் கண்டதும், "ஐயோ, சாமி கோவிச்சுக்கும் கண்ணு," என்று பதறினார்.

"சாமியோட பேரு என்னங்கத்தை?"

தெய்வாத்தாளுக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம் பாவாடை எடுத்து வைத்தவர்.

"பாவாத்தா," என்றார் ஆறுச்சாமி.

மோகனப்பிரியா கைப்பையிலிருந்து டாக்டரின் தாளை எடுத்தாள். மாமனாரின் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள். அதற்குக் கறுப்பு அடித்தாள். பேர் எழுதினாள். வரிசையில் கடைசி வட்டம் நந்திதா.

"இனி இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கக் கூடாதுங்க," என்றாள். யாரும் மறுக்கவில்லை. சாயங்காலம் கதிர்வேல் தாழ்ப்பாளைக் கழற்ற உட்கார்ந்தான். மூன்று திருகாணியைக் கழற்றியதும் போன் வந்தது, போய்விட்டான். நாலாவதை மோகனப்பிரியா கழற்றினாள்.

திங்கட்கிழமையிலிருந்து நந்திதா பள்ளிக்கூடம் போகிறாள். போர்டு அழிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லையாம். அடுத்த பொங்கலுக்கு ஆறுச்சாமி அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

ஒன்றே ஒன்று. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் மத்தியான நேரத்தில் தெய்வாத்தாள் சாமி ரூமுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். எதற்கு இத்தனை சத்தம் என்று எதிர்வீட்டு ரங்கம்மாள் கேட்டதற்கு, காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்றாராம். ரெண்டு வீடு தள்ளிப் புருஷனும் பொண்டாட்டியும் முணுமுணுப்பது கேட்கிற காது அது.