மைக்கு வந்த நரை

கறுப்பாய்ப் பிறந்த குதிரை வெள்ளையாகிப் போனதைப் பார்த்திருக்கிறீர்களா, கண்ணுகளா? பாலக்கரையில் கல்யாணங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடுகிற முகமது யூசுப் வீட்டில் அது நடந்தது.

அவர்களிடம் ஒரு வெள்ளைப் பெண்குதிரை இருந்தது. மருங்காபுரிப் பக்கத்துக் கறுப்புக் குதிரை ஒன்றோடு அதைச் சேர்த்தார்கள். பிறந்த குட்டி அட்டக்கறுப்பு. யூசுப்பின் மகள் தஹ்ஸீன் அதற்கு மை என்று பேர் வைத்தாள். ஸ்கூல் விட்டு வந்தால் பையைக்கூட இறக்காமல் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பிள்ளை போய்விட்டாள்.

அவள் அம்மா பானு அழவில்லை. சோறு வடித்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். நல்ல தைரியம் என்றார்கள் அக்கம்பக்கத்தார். தைரியமாவது ஒன்றாவது. மரத்துப்போன காலில் முள் ஏறினால் தெரியுமா?

மறு வருஷம் மையின் கண்ணைச் சுற்றி வெள்ளை முடி எட்டிப் பார்த்தது. பானு கடைக்குப் போய் டை பாக்கெட் வாங்கி வந்து பூசினாள். பிறகு முகம் நரைத்தது, அப்புறம் கழுத்து. வருஷம் ஏற ஏற, பாக்கெட்டும் ஏறியது. எதிர்வீட்டுச் சகாயராணி சிரித்தாள். “ஏன் பானு, உங்க வீட்டுக்காரர் தலை பஞ்சாக் கெடக்கு. குதிரைக்குத்தான் மாப்பிள்ளைக் கோலமா?” பானுவும் சிரித்தாள், வாயால் மட்டும்.

யூசுப் ஒரே ஒரு முறை ஏன் என்று கேட்டார்.

“புள்ள எங்கிருந்தாவது பார்த்தா அடையாளம் தெரியணுமில்லங்க.”



கடைசியில் டை பட்டு மையின் கழுத்துத் தோல் புண்ணாகிவிட்டது. கால்நடை டாக்டர் ராஜ்மோகன் வந்தார். மருந்து தடவிவிட்டு, இனிமேல் இதைப் பூசவே கூடாது என்றார். சத்து மாவு, எண்ணெய் ஏதாவது கொடுத்தால் நரை நிற்குமா என்று பானு கேட்டாள். அவர் கோபப்படாமல் உட்கார்ந்து விளக்கினார்.

இது வயசால் வந்த நரை இல்லையாம். கறுப்பு, செம்பட்டை என்பது ஒரு கணக்கு. வெளுத்துப்போவது தனிக் கணக்கு. குட்டி ஒவ்வொன்றுக்கும் தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு வரும். வெளுக்கிற குணம் ஒரு பக்கமிருந்து வந்தாலே போதும், என்ன நிறத்தில் பிறந்தாலும் வெளுத்துவிடும். இதன் தாயும் பிறக்கும்போது வெள்ளையாக இருந்திருக்காது என்றார்.

“அப்ப இவன் பொறந்தப்பவே…” என்று பானு நிறுத்தினாள்.

“வயித்துல இருக்கும்போதே முடிவாயிடுச்சும்மா. யார் தப்பும் இல்ல. முடிதான் வெளுக்கும். தோல் அப்படியே கறுப்பாத்தான் இருக்கும், மூக்கைப் பாருங்க.”

பானு பார்க்கவில்லை. மிச்சமிருந்த பாக்கெட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு உலை வைக்கப் போனாள்.

புண் ஆறியது. டை ஏறிய முடி உதிர்ந்து, புது முடி வந்தது. மை முழு வெள்ளை. பானு அதன் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். யூசுப்தான் ஒரு காலை நேரம், குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்று சொல்லி அவளை ஓடத்துறைக்குக் கூட்டிப் போனார். காவேரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அவள் வாளியில் மொண்டு அதன் கழுத்தில் ஊற்றினாள்.

வெள்ளை முடி தோலோடு ஒட்டிக்கொண்டது. அடியிலிருந்த கறுப்பு தெரிந்தது. இன்னொரு வாளி ஊற்றினாள். முதுகும் கறுத்தது. அவள் கையை அதன் கழுத்தில், தஹ்ஸீன் கட்டிக்கொள்கிற இடத்தில், வைத்தாள். கையில் ஈரம் பட்டது. வேறு ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் கையை எடுக்கவும் இல்லை.

வெயில் ஏறியது. முதுகில் ஈரம் காயக் காய, வெள்ளை திரும்பி வந்தது.

“காஞ்சிடுச்சு பானு. போலாமா?”

“இருங்க,” என்றாள் அவள். “இன்னும் ஒரு வாளி ஊத்திக்கிறேன்.”