பழுப்பு நிற பேஸ் கிட்டார்

சேதுபதிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. காரைக்குடியில் ஒரு சிமெண்ட் கடையில் குமாஸ்தா. மனைவி இறந்து மூன்று வருடமாகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. கோட்டையூரில் ஒற்றை அறை எடுத்துத் தானே பொங்கித் தின்றுகொண்டிருந்தார். கடை விஷயம் தவிர யாரிடமும் வாய் திறப்பது அபூர்வம். விசேஷ நாட்களில் மட்டும் முத்துராமலிங்கத்தின் மெல்லிசைக் குழுவில், பாட்டுக்கு அடித்தளமாக ஒலிக்கும் பேஸ் கிட்டார் வாசிக்கப் போவார்.

எழுபத்து நான்காம் வருடம் குழுவின் கிட்டார் கழுத்து முறிந்துபோனது. புதிதாக ஒன்றைச் சேதுபதியே வாங்கிக்கொள்வது என்று பேச்சு. முத்துராமலிங்கமும் கூடவே மதுரைக்கு வந்தார்.

இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்ததுமே முத்துராமலிங்கம் ஒரு சிவப்புக் கிட்டாரைக் கையில் எடுத்துவிட்டார். முகம் பார்க்கலாம் போல மினுங்கியது.

"இதான் சேது. மேடைக்குன்னே செஞ்சு வச்சிருக்கான்."

சேதுபதி வாசித்துப் பார்த்தார். ஒலி நறுக்கென்று வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. மூலையில் யாரோ விற்றுவிட்டுப் போன பழுப்புக் கிட்டார் ஒன்று சாய்ந்திருந்தது. விளிம்பில் வார்னிஷ் உரிந்த பழசு. அதன் தடித்த கம்பியை மீட்டியதும் ஒலி மெல்ல எழும்பி நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அவர் கம்பியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"என்னப்பா, உரல்ல குத்துற மாதிரி இருக்கு!" என்று முத்துராமலிங்கம் சிரித்தார். கடைக்காரரும், "ஆறு மாசமா கெடக்குதுங்க, யாரும் தொடல" என்றார்.

சேதுபதி, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வெறுங்கையோடு திரும்பினார். ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. இருபது வருடமாக மேடை ஏறும் மனுஷன் சொல்வது தப்பாகுமா, நம் காதுதான் கெட்டுவிட்டதா என்று மறுகினார். கேட்டுத் தெளிய ஓர் ஆள் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் தனியாக மதுரைக்குப் போய்ப் பழுப்பையே வாங்கி வந்தார்.

கொத்தமங்கலத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி. உறையைத் திறந்ததும் முத்துராமலிங்கத்தின் முகம் சுருங்கியது. "இதைத் தூக்கிக்கிட்டு முன்னால நிக்காத" என்று டிரம்ஸுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். சேதுபதி அங்கேயே நின்று வாசித்தார். ஒவ்வொரு சுரமும் அவர் நினைத்த இடத்தில் நினைத்த நேரம் நின்றது. அத்தனை வருடத்தில் அப்படி வாசித்ததில்லை. கச்சேரி முடிந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பந்தியிலும் பக்கத்து இலை காலியாகவே கிடந்தது.

அடுத்த ஒத்திகைக்குள் முத்துராமலிங்கமே அந்தச் சிவப்பை வாங்கி வைத்திருந்தார்.

"இதை வாசி. இல்லைன்னா வேற ஆள் இருக்கு."

சேதுபதி அதைக் கையில் வாங்கினார். பாதிப் பாட்டு வாசித்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் சாய்த்து வைத்தார்.

"வேற ஆளையே வச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பின்னால் யாரும் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் போனது. ஒரு மாலை கோட்டையூர் பஸ் நிறுத்தத்தில், குழுவில் பாடும் உமையாள் அவரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, நல்லா இருக்கீகளா? நீங்க போன பெறகு பாட நின்னா காலுக்குக் கீழ தரையே இல்லாத மாதிரி இருக்குண்ணே. அந்தப் பழைய கிட்டாரு வாசிச்சப்பதான் எனக்குச் சுதி தெரிஞ்சுச்சு."

"அவர்ட்ட சொன்னியாம்மா?"

அவள் தலை குனிந்தாள். "சொன்னேன். அவரு கேக்கல. வியாழக்கெழமை கல்லல் ஊர்ல கச்சேரி. ஒரே ஒரு தடவை அந்தச் சிவப்பை வாசிக்கிறேன்னு சொல்லுங்கண்ணே, சேத்துக்குவாரு."

"இல்லம்மா. அதுல எனக்கு வாசிக்க வராது."

பஸ் வந்தது. அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். பஸ் திருப்பத்தில் மறைந்த பின்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு, சேதுபதி அறைக்குப் போய் அரிசியைக் களைந்து உலையில் போட்டார். சோறு வேகும் வரை கட்டிலில் உட்கார்ந்து வாசித்தார். பாட ஆளில்லாத பாட்டுக்கு அடித்தளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் பிடிக்கவில்லை. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எடுத்தார்.