ஒற்றை ஓம்

முதலில் வெளிச்சம் விழுந்தது. அதற்குப் பிறகுதான் பாட்டில் விழுந்தது.

வெளிச்சம் மேலேயிருந்து வந்தது. கூரையோரம் ஒரு சின்னத் துளை. உச்சிப்பொழுதில் சூரியன் அந்தத் துளை வழியே இறங்கி, தரையில் பதித்திருக்கும் பித்தளைக் கோட்டைத் தொட்டுவிட்டுப் போகும். மிலான் நகரத்துப் பேராலயத்தில் வெயில்கூட நேரம் தவறாது.

பாட்டில் குடைக்குள்ளேயிருந்து வந்தது. தூத்துக்குடி மாசிச் சம்பல்.

வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தான். மேல்கோட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினான். மடக்கிய குடையை விரிக்கச் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கண்ணாடிப் பாட்டில் கூடாது என்று படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் பெர்க்மான்ஸ் மச்சாதுக்குக் குடை என்கிற யோசனையே வந்தது.

ஐம்பத்து மூன்று வயது. கப்பல் இன்ஜின் அறையில் பாதி ஆயுள். குடையைத் தலைகீழாகப் பிடித்தால் உள்ளே இருப்பது கீழே வரும் என்பது தெரியாத ஆளில்லை. ஆனாலும் உள்ளே நுழைந்ததும் குடையை உயர்த்தி, "அது என்ன ஓட்டை?" என்று கேட்டான்.

பாட்டில், பித்தளைக் கோட்டின்மேல், வெயில் விழுந்த அதே இடத்தில்.

மாசி என்றால் கருவாட்டுக்கு அண்ணன். கட்டையாகக் காய்ந்த பிறகும் ஊரைக் கூப்பிடும் மீன். அதை இடித்து, வறுத்த மிளகாயும் தேங்காயும் சேர்த்தால் ஊர் பதில் சொல்லும். சாம்பிராணி மணந்த தூண்களுக்கு நடுவே இப்போது தூத்துக்குடி மணந்தது. வரிசையில் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். காவலாளி இரண்டடி கிட்ட வந்தார்.

அவனுக்குச் சுற்றிக்காட்ட வந்த யசிந்தா இத்தாலிய மொழியில் காவலாளியிடம் என்னவோ சொன்னாள். கழுத்தில் வழிகாட்டி அட்டை ஆட, குனிந்து, கைக்குட்டையால் சில்லுகளைக் கூட்டி எடுத்தாள். ஒரு கணம் விரலை முகர்ந்தாள்.

அவன் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"சம்பலோ?"

"ஆமா. உங்களுக்குத்தான்."

"இதை ஆர் இஞ்ச கொண்டுவரச் சொன்னது?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லாததுனாலதான் வந்துருக்கேன்."

அவள் கைக்குட்டையை முடிச்சுப் போட்டாள். வழிகாட்டிக் குரலுக்குத் திரும்பினாள். "இது சூரியக் கோடு. மத்தியானம் எப்ப எண்டு ஊருக்குச் சொல்லுறதுக்குப் போட்டது."

ஊருக்கு நேரம் சொல்லும் கோடு. அவனுக்கு ஒரு பதில் சொல்லும் கோடு எங்கேயும் போடப்படவில்லை.

*

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கப்பல் ஓர் இத்தாலியத் துறைமுகத்தில் பழுதுக்கு நின்றபோது கூட்டத்தோடு கூட்டமாக இந்தக் கோயிலைப் பார்க்க வந்தான். படியில் வழுக்கினான். வாயில் வந்தது, சுத்தமான தூத்துக்குடித் தமிழில் ஒரு கெட்ட வார்த்தை. முன்னால் கொடி பிடித்துப் போன வழிகாட்டி திரும்பிச் சிரித்தாள்.

ஒரு பெண்ணோடு அறிமுகமாக இதைவிடக் கேவலமான வழி இருக்கலாம். அவனுக்குத் தெரிந்து இல்லை.

மன்னாரில் பேசாலை அவள் ஊர். கடலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். இருவரும் சந்திக்க மிலான் வர வேண்டியிருந்தது. அதன் பிறகு ஞாயிறுதோறும் போன். மழையைப் பற்றி, மீனைப் பற்றி, பூசையில் தூங்கியதைப் பற்றி.

கப்பலும் கல்யாணமும் அவனுக்கு ஒரே துறைமுகத்தில் ஒருநாளும் நின்றதில்லை. இந்த முறை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது.

போன கிறிஸ்துமஸ். போனில் கேட்டுவிட்டான். நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துரலாமா? அந்தப் பக்கம் கணவாய்க் கறி கொதிக்கும் சத்தம். அதற்கு மேல் அவள் குரல். "ஓம் ஓம்."

ஓம் என்றால் அங்கே ஆமாம். அது அவனுக்குத் தெரியும். ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவிட்டாள்! தெருவுக்கே கேக் கொடுத்தான். அக்கா சேலை எடுத்துவிட்டாள். பங்குச் சாமியாரிடம் தேதியே கேட்டுவிட்டான்.

அடுத்த ஞாயிறு யசிந்தா போனில் அலறினாள். "ஐயோ, நீங்கள் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டெல்லோ சொன்னனான்! ரெண்டுதரம் ஓம் எண்டா அது காது. ஒருதரம் எண்டாத்தான் வாய்."

ரெட்டை ஓம், காது. ஒற்றை ஓம், வாய். ஐம்பத்து மூன்று வயதில் தமிழ் இலக்கணத்தில் தோற்றுப்போனான்.

"அப்ப ஒத்த ஓம் எப்ப?"

"பாப்பம்."

சேலையை அக்கா திருப்பிக் கொடுக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினாள். தெருவில் அவனுக்கு 'ஓம்' என்றே பெயர் வைத்தார்கள். மீன் வாங்கப் போனால்கூட, "என்ன ஓமு, பாறை வேணுமா?"

ஞாயிறுகள் போயின. பாப்பம். மழைக்காலம் போனது. பாப்பம். அவன் ஊரில் 'பார்ப்போம்' என்றால் மரியாதையான இல்லை. அவள் ஊரில் அது என்னவென்று கேட்டதற்கும் பாப்பம்.

ஊர்ப் பேரே பேசாலை. பிறகு எங்கேயிருந்து பேச்சு வரும்?

அப்போதுதான் அவள் வேலை பார்க்கும் சுற்றுலாக் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்தான். தனிச் சுற்று. ஆலயமும் கூரையும். தமிழிலும் உண்டு. கடைசி வரி: உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் வழிகாட்டி பதிலளிப்பார்.

எல்லாக் கேள்விகளுக்கும்.

டிக்கெட் போட்டான். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னான், சம்பல் இடிக்க வேண்டியிருந்ததால்.

*

காட்டுக்குள் நடப்பதுபோல் இருந்தது. தூண்கள் மரமாகி, மேலே இருட்டில் கிளைவிட்டன. கண்ணாடிச் சன்னல்கள் வழியே சிவப்பும் நீலமும் தரையில் கொட்டிக் கிடந்தன. அவள் நீலத்தில் நடந்தாள். அவன் சிவப்பில் நடந்தான். சம்பல் மணம் இருவருக்கும் நடுவில் நடந்தது.

ஒரு சிலை. தோல் உரிக்கப்பட்ட புனிதர் பர்த்தலோமேயு. நரம்பும் தசையுமாக நின்றார். உரித்த தோலைத் துண்டுபோல் தோளில் போட்டிருந்தார்.

"இவரும் யார்கிட்டயோ ஒரு பதில் கேட்டுருப்பார் போல."

அவள் உதட்டைக் கடித்தாள். சிரிப்பு மூக்கு வழியே தப்பியது. "இந்தக் கோயில் கட்டி முடிய அறுநூறு வருசம் கிட்ட. இஞ்சத்தை ஆக்கள் முடியாத வேலை எண்டால் கோயில் வேலை எண்டுதான் சொல்லுவினம்."

"என் வேலையும் அதுதானா?"

அவள் அடுத்த சிலைக்குப் போய்விட்டாள்.

மெழுகுதிரிகள் எரியும் இடம். இரண்டு தட்டுகள். வலப்பக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கு, இடப்பக்கம் இறந்தவர்களுக்கு. கோயில் வைத்த சட்டமில்லை, அவளாக வைத்துக்கொண்டது. போனில் சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய அருளப்புவைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள். போர் முடிந்த வைகாசியில் ராணுவத்தால் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்ட கணவர். பஸ் எங்கே போனது? படத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக அலைந்தாள். இருக்கிறாரா? இல்லையா? ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரே பதில். பாப்பம்.

அந்த வார்த்தை அவளுடையதில்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்டது.

அதனால் அருளப்புவின் திரி இத்தனை வருஷமும் இரண்டு தட்டுக்கும் நடுவில், சுவரோரம், தனியாக எரிந்தது.

இன்றைக்கு அவள் திரியைக் கொளுத்தினாள். நடுவில் நின்றாள். சுடர் அவள் மூச்சுக்கு ஆடியது.

இடப்பக்கத் தட்டில் வைத்தாள்.

பெர்க்மான்ஸ் வாயில் ஒரு சிரிப்பு வார்த்தை தயாராக இருந்தது. எப்போதும் இருக்கும். அதை விழுங்கினான். வாழ்க்கையில் அவன் விழுங்கிய முதல் வார்த்தையாக இருக்கலாம்.

*

"மேல போக லிஃப்ற் இருக்கு. உங்களுக்கு முழங்கால் நோகுமெல்லோ?"

"படியில போவோம். லிப்டுல போனா சுருக்குன்னு மேல போயிருவோம்."

சுருள் படி. குறுகல். கல் குளிர்ந்திருந்தது. அவள் முன்னால். அவன் பின்னால். முழங்கால் ஒவ்வொரு படியிலும் மனு கொடுத்தது. ஒவ்வொரு படியிலும் தள்ளுபடி செய்தான். மேலே வரைக்கும் போகத்தான் வந்தான். போவான்.

சுவரில் ஒரு கீற்று. அதில் வானம். இன்னொரு கீற்று. அதில் மேகம். இன்னொன்று. அதில் மழை வாசம்.

"நிக்கவோ?"

"வேண்டாம். மூச்சு வாங்கல. இது பாட்டு."

அவள் சிரித்தது கல்லில் பட்டுக் கீழே உருண்டு போனது.

பிறகு, கூரை.

வெள்ளைப் பளிங்கில் ஒரு காடு. ஊசி ஊசியாய்க் கோபுரங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு புனிதர். எல்லாவற்றுக்கும் மேலே பொன்னிற மாதா. தூரத்தில் பனிமலைகள் இருக்க வேண்டிய இடத்தில் மேகம் இருந்தது. கீழே சதுக்கத்தில் மனிதர்கள் உளுந்தம் பருப்பாய்ச் சிதறிக் கிடந்தார்கள்.

யாரும் பார்க்க முடியாத மூலையிலும் பூ செதுக்கியிருந்தார்கள். இதழ் இதழாக.

"இதை யார் பாக்கப் போறாங்கன்னு செதுக்கினாங்க?"

"மழை பாக்கும்" என்றாள் யசிந்தா.

மழை வந்தது. பார்க்கத்தான் வந்ததுபோல், மெதுவாக.

குடையை விரித்தான். விரித்ததும், முன்பே மூடி தளர்ந்து குடை மடிப்பில் சிந்தியிருந்த மிளகாயும் தேங்காயும் மாசியுமாக ஒரு பிடி இருவர் தலையிலும் கொட்டியது. பளிங்குப் புனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அவனுக்குப் பட்டது.

அவள் முடியில் ஒரு தேங்காய்த் துணுக்கு. அவன் எடுக்கவில்லை. அவள் எடுத்தாள். வாயில் போட்டாள்.

மென்றாள். மழையைப் பார்த்தபடி மென்றாள்.

"போன மாசம் மாமி கதைச்சவ. அருளப்பற்ற தாய். அவன் வருவான், அவன்ர கோப்பையைக் கழுவி வையுங்கோ எண்டு இவ்வளவு காலமும் சொன்ன மனுசி." நிறுத்தினாள். "பிள்ளை, நான் அவனுக்குச் செத்தவைக்குச் செய்யுற பூசை ஒப்புக்குடுத்திட்டன். நீயும் இனி நடுவில நிக்காத, எண்டவ."

மழை. பளிங்கில் மழை. இறக்கை விரித்த கல் மிருகங்களின் வாய் வழியே மழை.

பெர்க்மான்ஸ் கடல் தாண்டிக் கொண்டுவந்த கேள்வியை மடக்கினான். இது கேட்கிற நேரமில்லை. இன்னொரு நாள். இன்னொரு ஞாயிறு. சேலைக்குக் கால் முளைத்து ஓடிவிடாது. தெருவுக்கு அவன் ஓமாகவே இருந்துவிட்டுப் போகிறான்.

"கீழ போவோமா?" என்றான்.

"ஏன்? சுற்று முடியேல்லயே."

"பாத்தாச்சுல்லா எல்லாம்."

"கேள்வி ஒண்டும் இல்லையோ?" அவள் கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "எல்லாக் கேள்விக்கும் நான் பதில் சொல்ல வேணும். கம்பெனிச் சட்டம்."

அவன் அவளைப் பார்த்தான். கிண்டலா என்று தேடினான். கண்ணோரம் கொஞ்சம் இருந்தது. அதற்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது.

இந்த முறை அடுப்பில் கறி இல்லை. நடுவில் கடல் இல்லை. ஒரே வீடு, சேர்ந்து இருப்பது என்கிற சுற்றுவழி எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தான்.

"யசிந்தா. என்னையக் கட்டிக்கிடுதீங்களா?"

கீழே எங்கோ ஒரு டிராம் மணியடித்துப் போனது. புறா ஒன்று புனிதர் தலையிலிருந்து எழுந்து, நனைந்து, மறுபடி அதே தலையில் உட்கார்ந்தது.

"ஓம்" என்றாள்.

அவன் காத்திருந்தான். இரண்டாவதுக்காக.

குடைத்துணியில் துளிகள். ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் இரட்டை இரட்டையாக விழுவதுபோல் இருந்தது. அவள் உதடுகளைப் பார்த்தான். அவை மூடியிருந்தன. வேண்டுமென்றே, இறுக்கி, சிரிப்பை உள்ளே பூட்டி மூடியிருந்தன.

இரண்டாவது வரவில்லை.

மேகம் ஓரிடத்தில் விலகியது. இருவர் கால்களுக்கும் நடுவே, நனைந்த பளிங்கில், வெளிச்சம் விழுந்தது.

குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இந்த முறை எதுவும் கீழே விழவில்லை.