நாலு மணி நேரப் பயணம்

1971 பங்குனியில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று மீனம்பாக்கத்தில் இறங்க ஏழு வருடம் எடுத்துக்கொண்டது. இரண்டு ஊருக்கும் நடுவே ஆயிரத்து எண்ணூறு மைல், பயண நேரம் நாலு மணி என்று விமானக் கம்பெனியின் அட்டவணையில் அச்சடித்திருந்தது. மனைவி பதருன்னிசாவின் தலைப்பிரசவத்துக்காகத் துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டு, சதுரங்கப்பட்டினத்து அப்துல் சுபஹான் அதில் ஏறியிருந்தான். மறுநாள் அது மாமல்லபுரத்துக் கடலுக்கு மேல், மூக்கைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றது. முதல் மாதம் செங்கல்பட்டிலிருந்து ஜனங்கள் பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். பிறகு கட்டுமரக்காரர்கள் வலை போட அதை அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். ஏரோப்பிளேனுக்குத் தெற்கே வஞ்சிரம் அதிகம் என்பான் அவர்களில் ஒருவனான சின்னையன்.

பதருன்னிசாவுக்குப் பெண் பிறந்தது. ஜஹனாரா என்று பேர் வைத்தாள். மாமனார் மௌத்தாகி அடக்கம் நடந்தபோது அவர் மகன் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வானத்தில்தான் இருந்தான். மாதம் தவறாமல் அவள் மீனம்பாக்கத்தில் கம்பெனி கவுண்ட்டரில் போய் நின்றாள். ஸ்ரீனிவாசராகவன் என்ற அதிகாரி ஒவ்வொரு முறையும் அட்டவணையைத் திருப்பிக் காட்டினார்.

"பயண நேரம் நாலு மணிதாம்மா. அதுக்கு மேல ஆக வழியே இல்ல. லேட்டுன்னு எப்படி எழுதித் தரது?"

"என் கொயந்த பள்ளிக்கூடம் போவுது. அதுக்கு இன்னா பதிலு? அதயும் உன் புக்குல பாத்துச் சொல்லு!"

அட்டவணையில் அது இல்லை என்றார் அவர்.

1978இல் ஒரு வியாழக்கிழமை, விமானம் மெல்ல நகர்வதாகச் சின்னையன் ஓடிவந்து சொன்னான். பதருன்னிசா பெண்ணை இழுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது இறங்கியது. சுபஹான் சட்டை மடிப்புக் கலையாமல், அதே இருபத்தேழு வயதோடு வெளியே வந்தான்.

"கரெக்டா நாலு மணி நேரம். சொன்ன டயத்துக்கு வந்துட்டேன் பாத்தியா?"

அத்தனை பேர் நடுவில் அவள் கத்தினாள். "நாலு மணியா? உன் அத்தா மௌத்தாயி அஞ்சு வருசம் ஆவுது மச்சான். வாசலப் பாத்துகினே போயிட்டாரு. இந்தா நிக்கிது, உன் பொண்ணு. நாலு மணியாம், நாலு மணி!"

"யாரும்மா இவரு?" என்றது குழந்தை.

சுபஹான் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு நேரே கவுண்ட்டருக்குப் போனான்.

"ஏழு வருசம் நாலு மணி நேரம்னு இதுல எழுது."

"அப்படியெல்லாம் எழுத முடியாது சார்."

"எழுதாம நான் நவுர மாட்டேன். இத்தினி வருசம் இவ இங்கதான நின்னுகினு இருந்தா?"

கூட வந்த பயணிகளும் ஒவ்வொருவராக அவன் பின்னால் டிக்கெட்டோடு நின்றார்கள். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரத்தில் ஸ்ரீனிவாசராகவன் எழுதி, முத்திரை குத்தினார். பதருன்னிசா அதை வாங்கி இரண்டு தரம் படித்த பிறகே புருஷனோடு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறு வாரம் ரேஷன் கார்டில் பேர் சேர்க்கச் செங்கல்பட்டு போனார்கள். கல்யாணத்தன்று அவனுக்கு மூன்று வயது இளையவளாக இருந்தவள், இப்போது நாலு வயது மூத்தவள். குமாஸ்தா கணவன் வயது இருபத்தேழு, மனைவி வயது முப்பத்தொன்று என்று எழுதினார். சிங்கப்பூர் ஃப்ளைட்டில் வந்தவரா என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.