பதினொருவரில் ஒருவர்

அந்த மருத்துவக் கல்லூரியில் எல்லோரும் அவளைக் 'கணக்கு டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் நடத்தியது புள்ளியியலும் நிகழ்தகவும். டாக்டருக்குப் படிக்க வந்த பிள்ளைகள் அந்தப் பாடத்தைத் தலையெழுத்தே என்று சகித்துக்கொண்டார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அதிலும் கடைசி பெஞ்சுக்காரர்கள் எலும்புப் படம் வரைந்துகொண்டிருப்பார்கள்.

பழைய பாடப்புத்தகம் ஏடு ஏடாகக் கழன்று வந்ததால், அந்த வருடம் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறுபது பிரதி வாங்குவதென்று முடிவானது. கூடவே நூலகத்துக்கு ஐந்தாறு பார்வை நூல்கள். தேர்வுக் குழுவில் நான்கு பேர்: தலைவராகப் பெரிய டாக்டர், மயக்க மருந்து டாக்டர், நூலகர், கணக்கு டீச்சர்.

நூலகத்தின் பின்னறையில் பன்னிரண்டு மாதிரிப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. நூலகர் ஒவ்வொன்றையும் நடுவில் அகலத் திறந்து முதுகை அழுத்திப் பார்ப்பாள். படக்கென்று சத்தம் வந்தால், "இது ஒரு வருஷம் தாங்காது டீச்சர், பசை மட்டும்தான், தையலே இல்ல" என்று ஒதுக்கிவிடுவாள். டீச்சர் பார்ப்பது வேறு. முதலில் பின்னிணைப்பில் இருக்கும் அட்டவணைகள். ஒரு மலிவுப் பதிப்பில் 0.9750 இருக்கவேண்டிய இடத்தில் 0.9570 என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்ததுமே மூடி வைத்துவிட்டாள். பிறகு பொருளடைவு, கடைசியில் விடைகள் இருக்கின்றனவா என்று. அதற்கப்புறம், எந்தப் புத்தகமானாலும், நிபந்தனை நிகழ்தகவு என்ற அத்தியாயத்தைத் திறந்து நின்றபடியே வாசிப்பாள். பெரும்பாலான புத்தகங்களில் அங்கே பைக்குள் சிவப்புப் பந்தும் வெள்ளைப் பந்தும் இருந்தன. ஒரே ஒரு புத்தகத்தில் மனிதர்கள் இருந்தார்கள். ஆயிரம் பேர், அதில் ஒருவருக்கு நோய், எல்லோருக்கும் ஒரு பரிசோதனை. மெல்லிய புத்தகம், சாதாரண அட்டை. அதை எடுத்துத் தனியாக வைத்தாள்.

அந்த அத்தியாயத்தை அவள் விடாமல் தேடியதற்குக் காரணம் அவளுடைய தம்பி.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருடத்துக்கு முன் விமான நிலையத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தான். சேருமுன் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. உடம்பில் ஒரு கோளாறும் இல்லாதவன். காய்ச்சல் என்று படுத்தவனில்லை. பரிசோதனையில் ஒரு தொற்றுநோய் இருப்பதாக வந்தது. அவள்தான் தன் கல்லூரி மருத்துவமனைக்கே அவனை அழைத்துப் போனாள். பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இந்த டெஸ்ட் நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது சரியா சொல்லும். சந்தேகமே வேண்டாம். இன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்றார். தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அழுகையை அடக்குவதிலேயே கவனம். 'சரி' என்று தலையாட்டினாள்.

கடுமையான மாத்திரை, ஒரு வருடம் சாப்பிடவேண்டும். நான்காம் மாதம் கண்ணெல்லாம் மஞ்சளாகியது. ஈரல் கெட்டுப்போய் வேறொரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே வேறு விதமான ஒரு பரிசோதனைக்கு ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆனது. அது வரும்போது தம்பி இறந்து பதினொரு நாள். அவனுக்கு அந்த நோய் எப்போதுமே இருந்ததில்லை என்று அதில் எழுதியிருந்தது.

டீச்சர் அந்தக் காகிதத்தைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். யாரிடமும் காட்டவில்லை. பெரிய டாக்டரிடமும் போய்ச் சண்டை போடவில்லை. போட்டால், பரிசோதனையின் முடிவை எப்படிப் படிக்கவேண்டும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள் யார் என்ற கேள்வி வரும். ஆறு வருடமும் தாழ்வாரத்தில் எதிரே வந்தால் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் தம்பியை மறந்துபோயிருந்தார்.

குழு கூடிய நாளில் பெரிய டாக்டர் வந்ததும் வராததுமாக எண்ணூறு பக்கத் தடிப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தார். "இதையே போட்டுடலாம். எங்க காலத்துலயும் இதுதான். எல்லாச் சூத்திரமும் இருக்கு."

"தலையணைக்கு ஆகும்" என்றார் மயக்க மருந்து டாக்டர். "நாலு பக்கம் வாசிச்சுக் காட்டினா போதும் சார், என் நோயாளிக்கு ஊசியே தேவைப்படாது."

நூலகர் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. "முடிவு பண்றதுக்கு முன்னால ஒரு கணக்கு போடலாமா சார்? புத்தகம் எதுக்குன்னு அப்பத்தான் தெரியும்" என்றாள். ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தாள்.

"ஆயிரம் பேர்ல ஒருத்தருக்கு ஒரு நோய் இருக்கு. டெஸ்ட் நோய் உள்ளவங்களைத் தவறவிடாது. நோய் இல்லாதவங்க நூறு பேர்ல ஒருத்தரைத் தப்பா நோயாளின்னு காட்டிடும். எந்த அறிகுறியும் இல்லாத ஒரு ஆள். டெஸ்ட்ல இருக்குன்னு வந்திடுச்சு. நிஜமாவே அவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எத்தனை? நூத்துக்கு எவ்வளவுன்னு எழுதுங்க."

மயக்க மருந்து டாக்டர் யோசித்துத் தொண்ணூறு என்று எழுதினார். நூலகர், "எனக்கென்ன தெரியும்" என்று ஐம்பது போட்டாள். பெரிய டாக்டர் யோசிக்கவே இல்லை. தொண்ணூற்றொன்பது.

"சூத்திரம் வேண்டாம். ஆளை எண்ணுவோம்" என்றாள் டீச்சர். "ஆயிரம் பேர் வரிசையா நிக்கிறாங்க. நோய் உள்ளவர் ஒருத்தர். டெஸ்ட் அவரைப் பிடிச்சிடும். மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது பேர். நூத்துக்கு ஒருத்தர்னா அதுல பத்துப் பேரைத் தப்பாப் பிடிக்கும். ஆக, நோய்னு சொல்லி அனுப்பினது பதினோரு பேர். அதுல நிஜம் ஒருத்தர். நூத்துக்கு ஒன்பதுதான் சார்."

மயக்க மருந்து டாக்டர் தன் துண்டுக் காகிதத்திலேயே திரும்ப எண்ணிப் பார்த்து, "அட, ஆமா" என்றார் மெதுவாக. பெரிய டாக்டர் தடிப் புத்தகத்தை மேசையில் வைத்தார். மெல்லிய புத்தகத்தை வாங்கி, அந்த அத்தியாயத்தை உட்கார்ந்து முழுக்க வாசித்தார். கால் மணி நேரம் ஆனது. பிறகு, "அறுபது இதையே வாங்குங்க. தடியன் ரெண்டு பிரதி அலமாரிக்குப் போதும்" என்று கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் தாழ்வாரத்தில் நடந்தபோது அவர் பின்னாலேயே வந்தார்.

"டீச்சர், விமான நிலைய வேலைக்குன்னு ஒரு பையன்... உங்க தம்பிதானே?"

"ஆமா சார்."

"இப்ப எப்படி இருக்கான்?"

"இல்ல சார். ஈரல் போயிடுச்சு. கடைசியில அவனுக்கு நோயே இல்லைன்னு காகிதம் வந்துச்சு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கு நீங்க என் எதிர்லதானே உட்கார்ந்திருந்தீங்க" என்றார். "இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியுமே. ஏம்மா கேக்கல?"

அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அதனாலேயே அவளால் தாங்க முடியவில்லை. "தெரியல சார்" என்றாள். "கிளாஸ்ல இருந்திருந்தா உடனே சொல்லியிருப்பேன். என் தம்பின்னதும் எல்லாம் மறந்து போச்சு. நீங்க சொன்னதை அப்படியே நம்பிட்டேன்."

மறுநாள் காலை அவர் ஆள் அனுப்பி அவளைப் பதிவேட்டு அறைக்குக் கூப்பிட்டார். தரையில் கோப்புகள் பரப்பிக் கிடந்தன. மூன்று நாள் இருவருமாகத் தேடினார்கள். ஒரு அறிகுறியும் இல்லாமல், வேலைப் பரிசோதனையில் மட்டும் அகப்பட்டு, அதே மாத்திரையை அவர் எழுதிக்கொடுத்தவர்கள் தம்பியைத் தவிர இருபத்தொரு பேர். இரண்டு பேர் இறந்திருந்தார்கள். ஈரல்.

நிர்வாகி, "கிளறாதீங்க டாக்டர், நமக்கே வம்பு" என்றார். பெரிய டாக்டர் கேட்கவில்லை. பத்தொன்பது பேருக்கும் தன் கையால் கடிதம் எழுதி வரவழைத்தார். தம்பிக்குக் கடைசியாக வெளியூரில் செய்த அதே பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார். ஒரு தடவை அந்த நோய் வந்திருந்தால், குணமான பிறகும் அது காட்டிக்கொடுத்துவிடும். முடிவு வந்தபோது நோய் வந்திருந்தவர்கள் இரண்டே பேர். மற்ற பதினேழு பேரும் சும்மா சாப்பிட்டவர்கள்.

அதில் ஒரு பஸ் கண்டக்டர் இன்னும் மாத்திரையில் இருந்தார். நோய் இல்லை, இன்றோடு நிறுத்திவிடலாம் என்றதும் அவர் டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் சார், நீங்கதான் என்னைக் காப்பாத்தினீங்க" என்று விடாமல் சொன்னார். அவர் கண்கள் லேசாக மஞ்சளடித்திருந்தன. டாக்டர், "நான் காப்பாத்தலப்பா, நான்தான் கொடுத்தேன்" என்றார். கண்டக்டருக்கு அது காதில் ஏறவில்லை.

அவர் போன பிறகு டீச்சர், "இறந்துபோன ரெண்டு பேர் வீட்லயும் சொல்லணும் சார்" என்றாள்.

"சொன்னா என்ன ஆகும்? போனவங்க திரும்பியா வரப் போறாங்க?"

"அவங்களுக்குத் தெரியணும்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பீரோவைத் திறந்து காகிதத்தை எடுத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆயிரம் பேர், பதினோரு பேர் என்று கணக்கையும், இறந்துபோன மற்ற இரண்டு பேரைப் பற்றியும் சொன்னாள். அம்மாவுக்கு அந்தக் கணக்கு ஒரே மூச்சில் புரிந்துவிட்டது.

"அப்ப அவன் சாக வேண்டியவனே இல்ல."

"இல்லம்மா."

"நீ படிச்ச படிப்பு இதுதானே?"

"ஆமாம்மா."

அம்மா கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "ஒட்டிக்கும்னு சொன்னாங்களே. அவனுக்குத் தனித் தட்டு வச்சேன், தனிப் படுக்கை போட்டேன். கடைசியில ஒரு நாள், அம்மா பக்கத்துல வந்து உக்காருன்னு கூப்பிட்டான். நான் கதவுகிட்டயே நின்னுட்டேன்டி. பரவாயில்லம்மா, அங்கயே நில்லுன்னான்." குரல் உயரவில்லை, அழவும் இல்லை. "ஆறு வருஷமா இதை எப்படி வச்சிருந்தே?"

அடுத்த வாரம் அம்மா சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். போன் பண்ணினால் சித்திதான் எடுப்பாள். "தூங்குறாடி" என்பாள் எந்த நேரத்திலும்.

இதற்கிடையில் டாக்டரும் டீச்சரும் அந்த இரண்டு வீடுகளுக்கும் போனார்கள். ஒரு வீட்டில் இறந்தவரின் மனைவி முழுக்கக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். மற்றதில் இறந்தவரின் அண்ணன் டாக்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார், ஒரு பொத்தான் தெறித்தது. டாக்டர் விலக்கிக்கொள்ளவில்லை. விசாரணை வந்தது. அவர் எதையும் பூசி மெழுகாமல் எழுதிக்கொடுத்தார். நோயாளிகளைப் பார்ப்பதிலிருந்து அவரை நிறுத்தினார்கள்.

நான்கு மாதம் கழித்து அம்மா வந்தாள். பெட்டியை வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டாள்:

"அந்த ரெண்டு பேர் வீட்லயும் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சும்மா."

"பெத்தவ யாராவது இருக்காளா?"

"ஒருத்தர் வீட்ல அம்மா இருக்காங்க. அன்னைக்கு உள் அறையை விட்டு வெளிய வரல."

"என்னை அங்க கூட்டிட்டுப் போ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனார்கள். அதே அண்ணன் கதவைத் திறந்தார். டீச்சரைக் கண்டதும் அவர் முகம் கடுத்தது. "நான் உன்கிட்ட வரலப்பா. உங்க அம்மாவைப் பாக்கணும். என் பிள்ளையும் அதே மாத்திரையிலதான் போனான்" என்றாள் அம்மா. அவர் வழிவிட்டார். டீச்சர் உள்ளே போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து ஒரு அழுகை கேட்டது, பிறகு இன்னொன்று. எது அம்மாவின் குரல் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.