பதில் வெளிச்சம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. மலை விபத்துகளைப் பற்றி நான் எழுதிவரும் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் இது. மற்ற அத்தியாயங்கள் முடிந்து பதிப்பகத்துக்குப் போய்விட்டன. இது மட்டும் என் சமையலறை மேசையில் காபிக் கறையோடு கிடக்கிறது. உண்மைச் சம்பவமாக எழுத முடியவில்லை என்பதால் பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றிக் கதையாக்கிப் பார்க்கிறேன். மலைக்கு வ்ரானா என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் மொழியில் காக்கை. யூலியன் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் வரைபடத்தில் அதைத் தேடாதீர்கள்.

முதல் தொடக்கம்:

"ஏப்ரல் கடைசி நாளில், வ்ரானாவின் வடக்குப் பாறைச் சுவரில் இரண்டு பேர் —"

விட்டுவிட்டேன். இரண்டு பேர் என்றதுமே எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கேட்பீர்கள். ஒருவன் திரும்பினான். சொல்லிவிட்டேன், இனி அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது தொடக்கம்:

"பனி முதலில் ஓசையில்லாமல்தான் —"

இதுவும் வேண்டாம். மலையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பனியை முதலில் கொண்டுவருகிறோம், செத்தவனைப் பிறகு கொண்டுவருகிறோம்.

மூன்றாவது:

"நேஷா காரின் முன்விளக்கை மூன்று முறை போட்டு அணைத்தாள்."

கதை தொடங்க வேண்டிய இடம் இதுதான். நான் எழுதக் கூடாத வாக்கியமும் இதுதான்.

2

மே முதல் தேதிக்கு முந்தைய மாலை, எங்கள் பள்ளத்தாக்கில் ஊருக்கு வெளியே விறகடுக்கிப் பெரிய தீ மூட்டுவோம். தீயணைப்புத் தொண்டர்கள் பீர் குடித்துக்கொண்டே அதற்குக் காவல் நிற்பார்கள். அன்று மலைச்சுவரில் யாராவது தங்கினால், தலையில் கட்டிய விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்து ஊருக்கு வணக்கம் சொல்வார்கள். ஊரும் கார் விளக்குகளால் பதில் சொல்லும். யார் தொடங்கியது என்று தெரியாது. எனக்குப் பிடித்த பழக்கம் அது.

இதே மலையில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆபத்தில் மாட்டியவர் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை வெளிச்சம் காட்ட வேண்டும். ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி ஆறு. பார்த்தவர் மூன்று முறை காட்ட வேண்டும். மூன்று என்றால், பார்த்துவிட்டோம், அங்கேயே இருங்கள், வருகிறோம் என்று பொருள்.

[இந்த இரண்டு பத்திகளையும் அடுத்தடுத்து வைத்தவுடனே உங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். பள்ளிப் பிள்ளையாக இருந்தபோதே இரண்டும் எனக்குத் தெரியும். ஆனாலும் தீனே சொல்லும்வரை இவற்றை நான் அருகருகே வைத்துப் பார்த்ததில்லை. ஊரில் யாருமே பார்த்ததில்லை என்றுதான் நினைத்தேன்.]

3

தீனேதான் திரும்பி வந்தவன். இப்போது வ்ரானாவின் அடியில் மலைக்குடில் நடத்துகிறான். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அன்றைய உறைபனி எடுத்துக்கொண்டது.

"நீங்கள் அன்று —" என்று தொடங்கினேன்.

"என்னது, நீங்களா? மரமெல்லாம் முடிஞ்சு கல்லு ஆரம்பிச்சாச்சு. இந்த உயரத்துல எல்லாரும் நீதான். மந்திரி வந்தாலும் நீதான். மரியாதையெல்லாம் கீழ போய் குடுத்துக்க."

முட்டைக்கோஸ் சூப்பை என் முன் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"கூட வந்த ப்ளாஷோட முட்டியில கல்லு விழுந்துச்சு. இன்னும் வெளிச்சம் இருந்த நேரம். நல்ல அகலமான பாறைத் திட்டு, கால நீட்டிப் படுக்கலாம். நான் மட்டும் எறங்கிப் போய் ஆள் கூட்டிட்டு வர்றேன்னு கயிறக்கூட எடுத்துட்டேன். அவன்தான் சொன்னான், 'முதல்ல விளக்கு காட்டிப் பாப்போம்டா'ன்னு."

"காட்டினானா?"

"ஆறு காட்டினான். கீழேயிருந்து மூணு வந்துச்சு. சுத்தமா மூணு. அப்புறம் வேற வண்டிங்களும் மினுக்குச்சு, அதெல்லாம் யார் பாத்தா? முதல் மூணே போதுமே. 'பாத்துட்டாங்கடா, உக்காரு. இருட்டுல கொரங்கு மாதிரி எறங்கி நீயும் விழுந்து தொலைக்காத, உனக்கும் சேத்து என்னால அழ முடியாது'ன்னு சிரிச்சான். உக்காந்துட்டேன்."

"கீழே தீ எரிந்தது தெரியவில்லையா? அன்று என்ன நாள் என்று?"

"தெரிஞ்சுது. தெரிஞ்சும் தோணல. உதவி கேட்டு உக்காந்திருக்கிறவனுக்கு வர்ற வெளிச்சமெல்லாம் தனக்குத்தான்னு தோணும்."

பிறகு பனி வந்தது. காற்றும். ப்ளாஷ் கேட்டுக்கொண்டே இருந்தானாம், 'வர்றாங்களா, பாரு.' விடிவதற்கு முன்னால் கேட்பதை நிறுத்திவிட்டான்.

காலையில் தீனே தனியாக இறங்கி வந்தபோது ஊரில் மே தினத்துக்கு அலங்கரித்த நெடுமரத்தை நிமிர்த்தி நட்டுக்கொண்டிருந்தார்கள். வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. யாரோ உரக்கக் கேட்டார்கள், "என்னடா தீனே, ஒத்தையா வர்ற? உன் கூட்டாளி இன்னும் குறட்டை விடுறானா?"

அந்த மூன்று வெளிச்சம் யாருடையது என்று கேட்டேன். தீனே மேசையைத் துடைத்தான். சுத்தமாகத்தான் இருந்தது மேசை.

"அடக்கம் பண்ணின அன்னிக்கு நேஷா என் கையப் புடிச்சுட்டுச் சொன்னா. 'அவர் எனக்கு நல்லாத் தூங்குன்னு சொன்னார் தீனே. நானும் மூணு தடவ போட்டு பதில் சொன்னேன்.'"

நேஷா ப்ளாஷின் மனைவி.

"நீ என்ன சொன்னாய்?"

"ஆமான்னு சொன்னேன். அவளுக்குத் தெரியாது. சாகிற வரைக்கும் தெரியவும் கூடாது. இங்க பாரு எழுத்தாளரம்மா, இத நீ எழுதினா அப்புறம் என் குடில் பக்கம் வராத. வந்தா சூப்புல துப்பிடுவேன்."

"பிறகு ஏன் என்னிடம் சொன்னாய்?"

"யார்கிட்டயாவது குடுத்து வெக்கணும்ல? இங்க வெச்சா எலி தின்னுடுது."

* இங்கே ஓர் அடிக்குறிப்பு. முதலில் நான் தீனேயை நம்பவில்லை. இறங்கப் பயந்துவிட்டு, கீழிருந்து பதில் வந்ததாகப் பிறகு கற்பனை செய்துகொண்டான் என்று ஒரு வரைவு எழுதினேன். அந்த வரைவு தண்ணீர் போல ஓடியது. கோழைகளைப் பற்றி எனக்கு எவ்வளவு சரளமாக எழுத வருகிறது என்று கண்டபோது பேனாவை மூடிவிட்டேன்.

4

நேஷா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகு முன் இருக்கையில் உட்கார்ந்து பேசினேன். எனக்கு அவள் அந்நியம் இல்லை. பள்ளியில் என்னைவிடச் சில வகுப்புகள் மேலே படித்தவள்.

"மேல வெளிச்சம் தெரிஞ்சதும் நான்தான்டி முதல்ல ஓடினேன். 'புருஷன் கண்ணடிக்கிறான், ஓடுறா பாரு'ன்னு ஒரே கேலி. மூணு தடவ போட்டேன். எங்க வீட்டுல எல்லாமே மூணுதான். கதவத் தட்டினாலும் மூணு, முத்தம்னாலும் மூணு. எழுதிக்கிறியா? முத்தத்த எழுதாத, பஸ்ஸுல புள்ளைங்க கேலி பண்ணும்."

"இப்போதும் போடுகிறாயா?"

"வருஷா வருஷம். நான் போடாம ஊர்ல ஒருத்தரும் போட மாட்டாங்க. செத்தவன் பொண்டாட்டிக்கு மரியாதை."

ஸ்டீயரிங் மேல் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஒரு வாக்கியம் போதும், அந்தக் கைகள் வேறு கைகளாகிவிடும். இந்த நினைப்பு எனக்குப் பயத்தைத் தந்தது. இன்னொன்றையும் தந்தது, அதை எழுதக் கூசுகிறது: ஒரு சின்ன மகிழ்ச்சி. கையில் கூர்மையான ஒன்றை வைத்திருப்பவருக்கு வரும் மகிழ்ச்சி.

அன்று வீடு திரும்பும் வழியில்தான் அடுத்தது உறைத்தது. இந்த ஆண்டும் யாராவது சுவரில் இருப்பார்கள். அவர்களில் ஒருவன் அன்று உதவி கேட்டால், நேஷா அன்போடு மூன்று முறை விளக்குப் போடுவாள். ஊரே அவளைப் பின்பற்றும். அவன் இறங்காமல் உட்கார்ந்துவிடுவான்.

சொன்னால் நேஷா உடைவாள். சொல்லாவிட்டால் —

5

பதிப்பாசிரியர் வீதா தொலைபேசியில் கேட்டாள். "கடைசி அத்தியாயம் எங்கம்மா? குட்டி போட்டதும் குடுப்பியா?"

பெயர்களை மறைத்துச் சொன்னேன். மறுமுனையில் அவள் சிகரெட் பற்றவைப்பது கேட்டது.

"அடிப்பாவி. இதுதான்டி புத்தகமே. மத்ததெல்லாம் அடுப்புல போடு."

"அந்தப் பெண்?"

"அந்தப் பொண்ணுக்கு வலிக்கும். ஆனா நாளைக்கே இன்னொருத்தன் மேல உக்காந்துட்டான்னா? அவன் அம்மாகிட்ட நீ போய் என்ன சொல்லுவ, கதையோட அழகு கெட்டுடும்னு விட்டுட்டேன்னா?"

வீதாவுக்குப் புத்தகம் விற்க வேண்டும். அதனால் அவள் சொன்னது பொய்யாகிவிடாது.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. பேருந்தில் நேஷாவிடம் சொல்கிறேன். அவள் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுகிறாள். [அடித்துவிட்டேன். நேஷா அழுது நான் பார்த்ததே இல்லை. என் பக்கத்துக்கு அழுகை தேவைப்பட்டது, அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பார்த்தேன்.]

முடிவு ஆ. அத்தியாயத்தைக் கிழித்துவிடுகிறேன். சில ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓர் ஏப்ரல் மாலை, அதே திட்டில் இன்னொரு பையன். அவன் பெயர் —

பெயர் வைக்க முடியவில்லை. பெயர் வைத்தால் அவனை அங்கே உட்கார வைத்தது நானாகிவிடும்.

முடிவு இ. தீ மூட்டும் மாலையில், அவள் விளக்கின் மேல் கை வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவது. இதை நான் எழுதவில்லை. கிளம்பிப் போனேன்.

6

தீ அப்போதுதான் பிடித்திருந்தது. கொத்துக்கறிக் கபாப் புகை ஒரு பக்கம், ஈர விறகுப் புகை மறுபக்கம். ஊர்க் கார்கள் எல்லாம் மூக்கை மலைப்பக்கம் திருப்பி வரிசையாக நின்றன. நேஷாவின் பழைய ரெனோ கார் நடுவில். கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். வ்ரானாவின் சுவர் கறுத்துக்கொண்டிருந்தது. உச்சியை மேகம் மூடியிருந்தது.

"நேஷா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாலை —"

"சொல்லாத."

"நான் என்ன சொல்லப் போகிறேன் என்று —"

"தெரியும். பஸ்ஸுல என் கையையே வெறிச்சு வெறிச்சுப் பாத்துட்டிருந்தியே. கொலைகாரி கையப் பாக்கிற மாதிரி."

கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"காலையில தீனே எறங்கி வந்தானில்ல, வந்ததும் என்ன கேட்டான் தெரியுமா? 'ஏன் யாரும் வரல?'ன்னு. குளிர்ல புத்தி பேதலிச்சுடுச்சுன்னு எல்லாரும் கம்பளியப் போத்தினாங்க. எனக்கு மட்டும் வெளங்கிடுச்சு. அங்கேயே, அந்த மரத்துக்குப் பக்கத்துலயே. அப்படிக் கேட்டது அவனுக்கே ஞாபகம் இல்ல."

"பிறகு ஏன் அடக்கத்தன்று அவனிடம் அப்படிச் சொன்னாய்? நல்லாத் தூங்கு என்று —"

"அவன் மூஞ்சியப் பாத்தேன். அவனும் செத்துடுவான்னு தோணுச்சு. நேஷாவுக்கு இது தெரியாமப் பாத்துக்கணும்னு ஒரு வேலையக் குடுத்தேன். இத்தன வருஷமா அந்த வேலையச் செஞ்சுட்டிருக்கான். நீ எழுதினா வேல போயிடும் அவனுக்கு."

அவளைக் காக்கும் இடத்தில் நான் நின்றுகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அந்த இடத்தில் தீனே இருந்தான். தீனேயைக் காக்கும் இடத்தில் இவள் இருந்தாள். எனக்கு அங்கே இடமே இல்லை.

"அப்படியென்றால் வருஷா வருஷம் எப்படி உன்னால் விளக்குப் போட முடிகிறது?"

அவள் என்னைப் பார்த்தாள். பேருந்தில் சேட்டை செய்யும் பிள்ளையைக் கண்ணாடியில் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"நான் போடாம யாரும் போட மாட்டாங்கன்னு சொன்னேனே. எதுக்குன்னு நெனச்ச? மரியாதைக்கா? நான் எண்ணுறேன்டி, ஆறு வருதான்னு. எண்ணி முடிச்சு, ஒரு நிமிஷம் பொறுத்து, திரும்பவும் எண்ணிட்டுத்தான் போடுவேன். அதுவரைக்கும் ஊரே கையக் கட்டிட்டு நிக்கும். மொபைல் வந்துடுச்சு, இது எதுக்குன்னு கேட்பாங்க. அந்தத் திட்டுல இன்னிக்கும் சிக்னல் கெடையாது."

வெளியே யாரோ கத்தினார்கள். "அதோ! மேல பாரு!"

சுவரின் நடுவில், இருட்டில், ஒரு வெளிச்சம்.

நேஷாவின் விரல் விளக்குக் குமிழைத் தொட்டது. அழுத்தவில்லை.

"ஒண்ணு," என்றாள்.

கார்களில் பேச்சு நின்றது. ஒரு குழந்தை, "போடுங்க அத்தை, போடுங்க!" என்று கத்தியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"ரெண்டு." பிறகு, "மூணு."

இங்கே நின்றிருந்தால் வெறும் வணக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். நிற்கவில்லை.

"நாலு."

தீனே இந்நேரம் குடில் வாசலில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருப்பான். நேஷாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

"உன் புத்தகத்துல எங்களப் பத்தி எழுதாத," என்றாள் நேஷா, கண்ணை எடுக்காமல். "எண்ணச் சொல்லி எழுது. அது போதும்." பிறகு, "அஞ்சு."

சுவர் இருட்டாக இருந்தது.

7

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். மலையேறுகிறவர்கள் விளையாட்டுக்கு ஐந்து முறையும் காட்டுவார்கள், ஏழு முறையும் காட்டுவார்கள். காற்றில் கை நடுங்கினால் ஆறாவது தாமதமாகவும் வரும். எது நடந்தது என்று எழுதினால் இது சம்பவமாகிவிடும். ஊரும் அடையாளம் தெரிந்துவிடும், தீனே படிப்பான், அவன் வேலை போய்விடும். அதனால் என் கதை ஐந்தில் நிற்கிறது. வீதாவுக்கும் இதைத்தான் அனுப்புகிறேன்.

நேஷாவுக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள். பின்னால் ஊரே உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, கண்ணாடிக்கு அப்பால் சுவர் இருக்கிறது. அவசரப்படாதீர்கள். எண்ணி முடியுங்கள், ஒரு நிமிடம் பொறுங்கள், திரும்பவும் எண்ணுங்கள்.

அதுவரை விளக்கைப் போடாதீர்கள்.